இடது ஜன்னலிலிருந்து நான் சொல்லாமல் விட்டது

போன மாதம் சூலூர் மண்டபத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோமே, அன்று புதிதாக வேலையில் சேரப்போகிற உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பல்லடத்துப் பெண். கடல் ரோந்து விமானத்துக்குத் தேர்வாகி, பயிற்சிக்குக் கிளம்பத் தயாராக இருந்தவர். "சார், இத்தனை வருஷம் ஜன்னல்ல உக்காந்து கடலைப் பாத்திருக்கீங்க. நீங்க கண்டுபிடிச்சதுலயே பெரிசு எதுங்க?" என்றார். நானும் மைக்கைப் பிடித்து, மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலின் ஆட்களைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். கைதட்டினீர்கள். கதை உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு மனசு சரியாக இல்லை.

கண்டுபிடித்ததைக் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். கண்ணில் பட்டும் சொல்லாமல் விட்டதை யாரும் கேட்பதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு. நீங்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். பத்தொன்பது வயது வரைக்கும் நான் பார்த்த பெரிய தண்ணீர் அமராவதி அணைதான். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்க் கடலுக்கு மேலே பறக்கிற விமானத்தில் உட்கார வைத்தார்கள். விமானத்தின் இரண்டு பக்கமும் குமிழ் மாதிரி வெளியே புடைத்த கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கீழே கடலைப் பார்ப்பதுதான் என் வேலை. இப்போது உங்களுக்கு நல்ல கேமரா வந்துவிட்டது, ரேடாரும் அருமையாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஜன்னலை யாரும் எடுத்துவிடவில்லை. தண்ணீரில் தலை மட்டும் தெரிய மிதக்கிற ஒரு மனிதனை இன்றைக்கும் பெரும்பாலும் கண்தான் கண்டுபிடிக்கிறது.

எனக்கு அந்த வேலையைப் பழக்கியவர் அதிகம் பேசாத ஒரு சீனியர். முதல் நாளே ஒன்று சொன்னார். "பாக்கிறதுதான் உன் வேலை. அது என்னன்னு முடிவு பண்றது உன் வேலை இல்ல. கண்ணுல பட்டதும் வாயில வந்துடணும். நடுவுல மூளைய விடாதே." சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

எட்டாவது வருஷம் அந்தச் சம்பவம் நடந்தது. அதற்குள் நான் ஓரளவு பெயர் வாங்கியிருந்தேன்.

ஒரு புயல் தெற்கே கரையைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து போன படகு திரும்பவில்லை. நான்கு பேர். நாங்கள் தேடப் போனது இரண்டாவது நாள். விமானத்தின் கேப்டன் பாலக்காட்டுக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார். நிதானமான மனிதர், ஒருவரையும் ஏக வசனத்தில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வலது ஜன்னலில் சென்னியப்பன், கொடுமுடிக்காரர், என்னைவிட இரண்டு வருஷம் இளையவர். இடது ஜன்னலில் நான்.

தேடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வயலில் உழவு ஓட்டுகிற மாதிரி நேர்கோட்டில் போய், திரும்பி, பக்கத்துக் கோட்டில் வர வேண்டும். ஒவ்வொரு கோடு முடியும்போதும் கேப்டன் ஹெட்போனில் கேட்பார்: "வலது?" "இடது?" நாங்கள் பதில் சொல்வோம். அதை வைத்து அந்தப் பகுதி பார்த்தாயிற்று என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். கோடு விழுந்த இடத்துக்கு அன்றைக்கு வேறு விமானம் வராது.

காலையில் இரண்டாவது கோட்டிலேயே நான் குரல் கொடுத்தேன். "இடது பக்கம், ஏதோ மிதக்குதுங்க." கேப்டன் உடனே விமானத்தைச் சாய்த்துத் திரும்பினார். தாழ இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றினோம். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு மரம். மேலே நாலைந்து பறவைகள் உட்கார்ந்திருந்தன. மறுபடி உயரம் ஏறிப் பழைய கோட்டைப் பிடிக்க நேரமாயிற்று, எரிபொருளும் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கருப்பாக, நீளமாக. திரும்பிப் போய்ப் பார்த்தால் தண்ணீருக்கடியில் மீன் கூட்டம். சென்னியப்பன் ஹெட்போனில் கேட்டார்: "ஏனுங்க, மரத்துக்கும் மீனுக்கும் லைஃப் ஜாக்கெட் போடோணுங்களா?" பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அதை இந்தியில் மாற்றிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மணிக்கணக்காகக் கடலையே பார்க்கிறவர்கள் அப்படி எதையாவது பேசாவிட்டால் தூங்கிவிடுவார்கள்.

கேப்டன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நாச்சிமுத்து, நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. இப்பிடியே போனா கடைசி ரெண்டு கோட்டுக்கு எண்ணெய் பத்தாது."

"சரீங்க சார்" என்றேன்.

அவர் சொன்னது நியாயம்தான். நிச்சயமில்லாததற்கெல்லாம் திரும்பினால், தேடாமல் விட்டுப்போகிற இடம் அதிகமாகும். ஆனால் அந்த வார்த்தையோடு என் வேலை மாறிவிட்டது. அதுவரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பார்த்ததை எடைபோட ஆரம்பித்தேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசிக்கு முந்தின கோடு. வெயில் எதிரே சாய்ந்து அலைகள் எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னின. கண் எரிந்தது. அப்போது நேர் கீழே, விமானத்தின் வயிற்றுக்கடியில் போய் மறைகிற இடத்தில், ஒரு நீலம் தெரிந்தது. கடலின் நீலம் இல்லை. நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் டிரம்மின் நீலம். அதன்மேல் வெளிர் நிறத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. ஒரு கண்சிமிட்டல். அப்புறம் விமானத்தின் உடம்பு அதை மறைத்துவிட்டது.

வாய் திறந்துவிட்டேன், சத்தம் வரவில்லை. டிரம்தானே, கடலில் எத்தனை டிரம் மிதக்கிறது என்று ஒரு யோசனை. மேலே அசைந்தது துணியாக இருக்கும், நுரையாக இருக்கும் என்று ஒன்று. மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை என்றால் என்ன சொல்வார்கள் என்று இன்னொன்று. இதெல்லாம் சேர்ந்து மூன்று விநாடிகூட இருக்காது. நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் அந்த விமானம் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டிவிடும். யோசித்து முடிக்கும்போது அந்த இடம் எங்கேயோ பின்னால் போய்விட்டிருந்தது. இனிமேல் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்கிற பயம் அதற்குமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

கோடு முடிந்தது. கேப்டன் கேட்டார்: "வலது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

"இடது?"

சொல்வதற்கு அது இன்னொரு வாய்ப்பு. எனக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

வரைபடத்தில் கோடு விழுந்தது. கடைசிக் கோட்டையும் முடித்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பினோம். இறங்கி நடக்கும்போது சென்னியப்பன் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க? காலைல நான் சொன்னதெ மனசுல வெச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க, தலைவலி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த வழியாக வந்த ஒரு வணிகக் கப்பல், நீல டிரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்த ஒருவரைத் தூக்கியது. பெயர் அந்தோணி. படகு கவிழ்ந்தபோதே இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்தோணியும் அவருடைய அண்ணன் மரியதாசனும் மட்டும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கப்பல் வருவதற்குச் சில மணி நேரம் முன்னால் அண்ணனும் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அந்தோணி சொன்ன முதல் விஷயமே, முந்தின நாள் ஒரு விமானம் தங்கள் தலைக்கு மேலே போனது, சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினோம் என்பதுதான்.

விசாரணை வந்தது. பார்த்தாயிற்று என்று கோடு போட்ட இடத்தில் எப்படி இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள்? எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னிடம் கேட்ட கேள்வி ஒரே வரிதான். "அந்தக் கோட்டில் நீங்கள் எதையாவது பார்த்தீர்களா?"

"இல்லை" என்றேன்.

விமானத்தில் நான் செய்தது தவறு. பயத்தில், அவசரத்தில் நேர்ந்தது. வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். விசாரணை அறையில் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தண்ணீர் கொடுத்தார்கள், யோசித்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். யோசித்துத்தான் சொன்னேன்.

கேப்டன் என்ன சொன்னார் என்று பிறகு தெரிந்தது. "நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்லச் சொன்னது நான். பொறுப்பு என்னுடையது." அவரைப் பறப்பதிலிருந்து எடுத்து வகுப்பறையில் பாடம் நடத்தப் போட்டுவிட்டார்கள். மறுபடி அவர் விமானத்தில் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

நான் அதற்குப் பிறகும் பல வருஷம் பறந்தேன். கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் சொன்னேன். குப்பை, கட்டை, செத்த ஆமை, எதையும் விடவில்லை. எத்தனை பேர் சிரித்தாலும் கவலைப்படவில்லை. அந்தச் சரக்குக் கப்பல் ஆட்களைக் கண்டுபிடித்தது அப்படித்தான். அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து பீரோவுக்குள் போட்டேன். கூடத்தில் மாட்டலாமே என்று வீட்டில் கேட்டதற்கு, ஆணி அடித்தால் சுவர் காரை உதிரும் என்றேன். பாராட்டின ஒவ்வொரு தடவையும், இந்த நாச்சிமுத்துவை உண்டாக்க ஒரு மனிதர் சாக வேண்டியிருந்ததே என்று தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுச் சூலூருக்கு வந்து சில வருஷம் ஆனபிறகு சென்னியப்பன் போன் பண்ணினார். "கேப்டன் கோயமுத்தூர் வந்திருக்காருங்க. கண்ணு ஆபரேஷன். நாளைக்கு ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்துரலாமுங்களா?" நான் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தனியாகப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் அவரும் மனைவியும் தங்கியிருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "நாச்சிமுத்து, இடது ஜன்னல்" என்றார். அவர் மனைவி காபி வாங்கிவரக் கீழே போனார். அவர் திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். நீல டிரம், அசைந்த துணி, விசாரணையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் சொன்னார். "எனக்குத் தெரியும்."

"எப்பிடீங்க சார்?"

"வருஷக்கணக்கா உங்க பதிலைக் கேட்டவன் நான். இடதுன்னு நான் கேட்ட உடனே உங்க குரல் வந்துடும். அன்னைக்கு லேட்டா வந்தது. ஏதோ இருக்குன்னு தெரிஞ்சது. நாச்சிமுத்து, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு இன்னொரு தடவை கேட்டிருக்கணும். அஞ்சு விநாடி வேலை. நான் எண்ணெய் முள்ளைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னது எனக்கு சௌகரியமா இருந்தது. அதனால கேக்கலை."

"விசாரணையில நான் உண்மையைச் சொல்லியிருந்தா உங்க மேல பழி விழுந்திருக்காதுங்களே சார்."

"பொறுப்பு என்னுதுன்னு நான் சொன்னது, மறுபடி கேக்காம விட்டதுக்குத்தான். அவங்க வேற என்னவோ புரிஞ்சுக்கிட்டாங்க. நானும் திருத்தலை."

பிறகு நான், "உங்ககிட்டச் சொன்னதுல பாரம் இறங்குன மாதிரி இருக்குதுங்க சார்" என்றேன்.

"இறங்கக் கூடாது" என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நானும் விமானத்துக்குள்ள இருந்தவன்தானே. தண்ணில கிடந்தவர் ஒருத்தர் இன்னும் இருக்கார். எனக்கு அவர் முன்னால போய் நிக்கத் தைரியம் வரலை. உங்களுக்கு வந்தா போங்க."

உங்களில் சிலர் நாளைக்குக் கேப்டனாகவும் ஆவீர்கள். அதனால் இதை நிறுத்திச் சொல்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரின் பதில் தாமதமாக வந்தால், அந்தத் தாமதமும் ஒரு பதில்தான். அதைக் கேளுங்கள். உங்களுக்கு வசதியான பதில் வரும்போது இன்னும் ஒரு தடவை கேளுங்கள். ஜன்னலில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை அந்தச் சீனியர் எப்போதோ சொல்லிவிட்டார். நான் கூட்டுவதற்கு ஒன்றே ஒன்றுதான். சொல்லத் தவறிவிட்டால், ஒரு நிமிஷம் கழித்தாவது சொல்லுங்கள். பத்து நிமிஷம் கழித்தாவது. தளத்துக்கு வந்து இறங்கின பிறகாவது. அன்றைக்கு இறங்கியதும் நான் வாயைத் திறந்திருந்தால்கூட, பொழுது சாய்வதற்குள் இன்னொரு விமானம் போயிருக்கும். மரியதாசன் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

கேப்டனைப் பார்த்த அடுத்த மாதம் அந்தக் கடலோர ஊருக்குப் போனேன். அந்தோணியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடலுக்குப் போவதை விட்டு, சின்ன லோடு வண்டியில் மீன் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியிருப்பார், தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். குழாயை மூடிவிட்டு, வண்டியின் பின்கதவில் உட்கார எனக்கு இடம் காட்டினார். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

என்ன வார்த்தையில் சொல்வது என்று கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அன்னைக்கு அந்த விமானத்துல, உங்க பக்கத்து ஜன்னல்ல இருந்தது நாந்தானுங்க. டிரம்மைப் பார்த்தேன். மேலே ஏதோ அசைஞ்சதையும் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை. விசாரணையிலயும் பார்க்கலைன்னு பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

அவர் கையில் இருந்த ஈரத்தைக் கைலியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"விமானம் போனதும் நான் அழுதிட்டேன்" என்றார். "அண்ணன் என் கன்னத்துல ஒண்ணு போட்டான். 'ஏலே, எதுக்கு அழுவுற? பாத்துட்டானுவ. சன்னல்ல ஒருத்தன் தலை தெரிஞ்சிச்சு. அவன் நம்மளப் பாத்துட்டான். போய்ச் சொல்லி ஆள் அனுப்புவான், கைய மட்டும் விட்றாத'ன்னான். அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தான். தெம்பு போயி, பேச்சு குழறுற வரைக்கும் அதான். பாத்துட்டானுவ, வந்துருவானுவ. அத நம்பித்தான் நான் டிரம்ம விடாமக் கிடந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"விமானத்துல யாரும் பாக்கலன்னு அப்புறம் பேப்பர்ல போட்டாங்க. சரி, எனக்குத் தைரியம் வரட்டும்னு அண்ணன் பொய் சொல்லியிருக்கான்னு நெனச்சேன். மதினிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ அண்ணன் சொன்னது நிசந்தான்."

"நிசந்தானுங்க" என்றேன். "நான் பார்த்தேன்."